செவிலியரும் நாமும்

நோயுற்ற காலத்தில் நம்மை வந்து காண்போர் பலர். உடனிருந்து காப்போர் சிலரே. வைத்தியர் காலையில் ஒருமுறையும் மாலையில் ஒருமுறையும் வந்து நோயின் நிலையறிந்து, மருந்து இன்னதென எழுதிச் செல்வர். உற்றாரும் உறவினரும் பழமும் ரொட்டியும் கொணர்ந்து, நலம் வினவி, அந்திப்பேருந்துக்கு விடைபெற்று மீள்வர். நள்ளிரவில் நோயாளி நாவுலர்ந்து விழிக்கும்போதும், ஊசி ஏற்றிய கை வீங்கி வலிக்கும்போதும், மூச்சு ஒரு கணம் தடுமாறும்போதும் அருகே நிற்பவர் செவிலியர். இங்ஙனம் அருகே நிற்பவரை நோயாளரும் அவர்தம் குடும்பத்தாரும் எவ்வாறு நடத்துகின்றனர் என்பதனைத் தென்காசியையும் குற்றாலத்தையும் கண்முன் நிறுத்திச் சிறிது ஆராய்வாம்.

நம் முன்னோர் இத்தொழிலைச் சிறிதென மதித்தாரல்லர். திருவள்ளுவர் 'மருந்து' என்னும் அதிகாரத்தின் இறுதிக் குறளில் மருத்துவத்தை நான்கு கூறாக வகுத்தார். நோயுற்றவன், நோயைத் தீர்ப்பவன், மருந்து என்னும் மூன்றனோடு, உடனிருந்து அம்மருந்தைப் பக்குவமாய்க் கொடுப்பவனையும் நான்காவதாக வைத்து எண்ணினார். வடமொழியிலுள்ள சரகசங்கிதையும் இந்நான்கினையே சிகிச்சையின் நான்கு பாதங்கள் என்று கூறும். துணைநின்று உபசரிப்போர்க்கு வேண்டிய குணங்களும் நான்கென அந்நூல் வகுக்கின்றது. உபசரிக்கும் முறையை அறிந்திருத்தல், கைத்திறன், நோயாளியிடத்து அன்பு, தூய்மை என்பன அவை. அன்புக்கு முன்னே அறிவும் திறனும் வைத்து எண்ணப்பட்டமை நாம் கருதத்தக்கது. கட்டிலின் கால்கள் நான்கனுள் ஒன்று மட்டும் குட்டையாயின் அக்கட்டிலில் எவர் படுத்துறங்குதல் கூடும்?

எனினும் நாம் இடும் பெயர்களே நம் மனநிலையைக் காட்டிவிடுகின்றன. 'செவிலி' என்னும் சொல் சங்க இலக்கியத்தில் தலைவியை வளர்த்த தாயைக் குறிப்பது. ஈன்றவளை நற்றாய் என்றும், வளர்த்தவளைச் செவிலித்தாய் என்றும் அகப்பாடல்கள் வழங்கும். இலங்கைத் தமிழர் வழங்கும் 'தாதி' என்னும் சொல்லுக்கோ வளர்ப்புத்தாய் என்றும் பணிப்பெண் என்றும் இருபொருள் உண்டு. ஆங்கிலத்தினின்று வந்த 'சிஸ்டர்' என்பது உடன்பிறந்தாள் எனப் பொருள்படும். தாய், தங்கை, பணிப்பெண் என்னும் இம்மூன்று உறவும் நம் உள்ளத்தில் ஒன்றோடொன்று கலந்து கிடக்கின்றன. மகிழ்ந்த வேளையில் தாய் என்கிறோம்; காரியம் ஆகவேண்டிய வேளையில் தங்கை என்கிறோம்; சினந்த வேளையில் பணிப்பெண்ணாக எண்ணி ஏவுகின்றோம். கற்றுத் தேர்ந்த ஒரு தொழிலாளர் என்னும் நான்காவது எண்ணம் மட்டும் நமக்கு எளிதில் தோன்றுவதில்லை. நம் பிழைகளுட் பெரும்பாலன இவ்விடத்தே வேர்கொள்கின்றன.

இத்தொழில் கற்றுத் தேர்வதற்குரியது என்னும் கருத்து வேரூன்றிய வரலாற்றைச் சுருங்கக் காண்போம். 1854ஆம் ஆண்டில் கிரீமியப் போரில் புண்பட்ட வீரரைப் பேணச் சென்ற பிளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையார், 1860இல் லண்டன் மாநகரத்துச் செயின்ட் தாமஸ் வைத்தியசாலையில் பயிற்சிக் கூடம் ஒன்றை நிறுவினார். சென்னை அரசாங்கப் பொது வைத்தியசாலையில் 1871இல் செவிலியர் பயிற்சி தொடங்கிற்று. திண்டிவனத்தில் ஓரிரவில், ஆண் வைத்தியர் தொடலாகாதென்று மூன்று குடும்பத்தார் மறுத்தமையால் மூன்று பெண்கள் பிரசவத்தில் மாண்டதைக் கண்டு உள்ளம் நொந்த ஐடா ஸ்கடர் அம்மையார், வைத்தியம் கற்று மீண்டு வந்து, வேலூரில் 1909இல் செவிலியர் பள்ளியைத் தோற்றுவித்தார். அது 1946இல் பட்டப்படிப்புக் கல்லூரியாக உயர்ந்தது. சென்னை மாகாணத்தில் செவிலியரையும் மருத்துவச்சியரையும் பதிவு செய்வதற்கான சட்டம் 1926இல் இயற்றப்பட்டது. இவ்வளவும் நிகழ்ந்த பின்னரும், 1946இல் போர் குழுவினர் இந்நாட்டின் சுகாதார நிலையை ஆராய்ந்தபோது, 43,000 மக்களுக்கு ஒரு செவிலி என்னும் கணக்கே கிடைத்தது.

அங்ஙனம் குறைந்திருந்தமைக்குக் காரணம் பள்ளிகள் இன்மை மட்டுமன்று. பிறர் புண்ணைக் கழுவுதலும், குருதியையும் மலத்தையும் தொடுதலும் தீட்டென்று கருதப்பட்டன. நற்குடிப் பெண் இரவில் வீட்டுக்கு வெளியே தங்குதல் தகாதென்றும், அயல் ஆடவர் உடலைத் தீண்டுதல் இழிவென்றும் மக்கள் எண்ணினர். ஆகவே இத்தொழிலுக்கு முதலில் வந்தோருள் கைம்பெண்களும் ஏழைகளும் கிறிஸ்தவ சமயத்தைச் சார்ந்தோருமே மிக்கிருந்தனர். அவர் கையால் உயிர் பெற்றுக்கொண்ட சிலர் அவர் கையால் தண்ணீர் பெற மறுத்ததும் உண்டு. இந்நாளில் மூன்றாண்டுப் பட்டயப் படிப்போ நான்காண்டுப் பட்டப் படிப்போ முடித்து, மன்றத்தில் பெயரைப் பதிவு செய்த பின்னரே ஒருவர் செவிலியாகப் பணிபுரிய இயலும். ஆடவரும் இத்தொழிலுக்கு வருகின்றனர். தீட்டென்னும் சொல் மறைந்தது. அதன் நிழல் இன்னும் முற்றிலும் மறைந்திலது. பெண் கேட்டு வரும் வீட்டார் 'நர்ஸ் வேலையா? இராத்திரி டூட்டி உண்டோ?' என்று குரலைத் தாழ்த்தி வினவும் வழக்கத்தில் அந்நிழலை இன்றும் காணலாம்.

நிற்க. தென்காசிக்கு வருவோம். திருநெல்வேலிச் சீமையின் பகுதியாயிருந்த இந்நிலம் 2019 நவம்பர் 22ஆம் நாள் தனி மாவட்டமாயிற்று. தென்காசி அரசு வைத்தியசாலையே மாவட்டத் தலைமை வைத்தியசாலை. செங்கோட்டை, கடையநல்லூர், ஆலங்குளம், பாவூர்ச்சத்திரம், சுரண்டை முதலிய பகுதிகளிலிருந்தெல்லாம் மக்கள் தென்காசிக்கு வைத்தியம் நாடி வருகின்றனர். வயலில் நாற்று நடுவோர், தறி நெய்வோர், வீட்டுத் திண்ணையில் பீடி சுற்றும் பெண்கள், எலுமிச்சையும் காய்கறியும் சந்தைக்கு ஏற்றுவோர் என்று நாள்கூலியை இழந்து வருவோரே அவருட் பலர். ஒருவர் நோயுற்றால் அவருடன் ஐவர் வருவது நம் நாட்டு வழக்கம். அன்பின் மிகுதியால் வருகின்றனர். அச்சத்தின் மிகுதியாலும் வருகின்றனர். நோய் இன்னதென்று அறியார். எத்தனை நாள் செல்லுமென்று அறியார். எவரை வினவுவதென்றும் அறியார். வைத்தியரை அணுகக் கூசுவர். கண்ணுக்கு எட்டியவர் செவிலி ஒருவரே. ஆதலின் வினாவும் அவர்மீது விழுகின்றது. சினமும் அவர்மீதே விழுகின்றது.

செவிலியர்பால் மக்கள் கொள்ளும் சினத்தை ஆராய்வோமாயின், அது பெரும்பாலும் 'கூடாது', 'பொறுங்கள்' என்னும் இரண்டு சொற்களின் பொருட்டே எழுவதைக் காணலாம். இவ்விரு சொற்களும் குற்றாலத்துக்குப் புதியன அல்ல. ஆனி ஆடி மாதங்களில் தென்மேற்குப் பருவக்காற்று மலையிடைவெளி வழியே சாரலைக் கொணர்கின்றது. பேரருவியிலும் ஐந்தருவியிலும் பழைய குற்றாலத்திலும் நீராடப் பல ஊர் மக்கள் திரள்கின்றனர். மலைமேல் பெருமழை பெய்து, பேரருவியின் பாதுகாப்பு வளைவைக் கடந்து வெள்ளம் விழத் தொடங்கினால், குளிக்கலாகாதென்று காவலர் தடுத்துவிடுவர். நெடுந்தொலைவிலிருந்து வந்தவரும் சிறிது முணுமுணுத்துவிட்டு ஒதுங்கி நிற்பர். காரணம் என்னை? வெள்ளம் கண்ணுக்குத் தெரிகின்றது. 2024 மே 17ஆம் நாள் பழைய குற்றாலத்தில் சடுதியில் பெருகிய வெள்ளம் பதினேழு வயது மாணவன் ஒருவனை வாரிக்கொண்டு சென்றதனை இவ்வட்டாரம் மறக்கவில்லை. செவிலி 'கூடாது' என்று தடுக்கும் இடத்திலும் அத்தகைய வெள்ளம் உண்டு. அது நம் கண்ணுக்குத் தெரியாத வெள்ளம்; ஆகவே தடுத்தவரையே நாம் கடிந்துகொள்கின்றோம். இதனைச் சில எடுத்துக்காட்டுகளால் விளக்குவாம்.

இலஞ்சியிலோ மேலகரத்திலோ வயலில் வேலை செய்யும் ஒருவரைப் பாம்பு தீண்டிற்று என்று கொள்வோம். சுற்றத்தார் அவரைத் தூக்கிக்கொண்டு ஓடி வருகின்றனர். செவிலி அவர் கையினின்று சிறிது குருதி எடுத்து, உலர்ந்த கண்ணாடிக் குழாயில் இட்டு, அதனை அசைக்காமல் வைத்துவிட்டுக் கடிகாரத்தைப் பார்க்கின்றார். 'உயிர் போகிறது; இவர் சும்மா நின்று மணி பார்க்கிறாரே' என்று சுற்றத்தார் கூச்சலிடுகின்றனர். உண்மை யாதெனின், அச்சோதனை அப்படியேதான் செய்யப்படவேண்டும். இருபது நிமிடம் அசையாதிருந்த பின் குழாயைச் சாய்த்துப் பார்க்க, குருதி உறையாமல் ஓடினால், விரியன் வகையின் நஞ்சு குருதியில் பரவி உறையுந் தன்மையைக் கெடுத்தது என்பது தெளிவாகும். இடையில் எவரேனும் குழாயைக் குலுக்கினால் சோதனை பிழைபடும். நஞ்சு முறிக்கும் மருந்தை ஏற்றும்போதும் இவ்வாறே. அம்மருந்து குதிரையின் குருதியினின்று எடுக்கப்படுவதாகையால், சிலர் உடல் அதனை ஏலாது, தடிப்பும் மூச்சுத்திணறலும் தோன்றி, குருதியழுத்தம் திடீரென வீழ்தல் கூடும். அதனால்தான் செவிலி மருந்தை ஏற்றிவிட்டு நோயாளியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கின்றார். நாம் 'சும்மா நிற்கிறார்' என்பதே அவர் செய்யும் வேலைகளுள் மிக அரியதாகும்.

இனி அறுவைச் சிகிச்சைக்கு முந்திய இரவை நோக்குவோம். ஒன்றும் உண்ணலாகாது, குடிக்கலாகாது என்று செவிலி சொல்லிச் செல்கின்றார். விடியற்காலையில் நோயாளியின் தாயாருக்கு மனம் பொறுக்கவில்லை. வெறும் வயிற்றில் பிள்ளை எப்படிக் கத்திக்கு உடம்பைக் கொடுக்கும் என்று எண்ணி, முந்தானையில் மறைத்துக் கொணர்ந்த காப்பியை ஒரு வாய் ஊட்டிவிடுகின்றார். மயக்க மருந்தினால் உணர்வு ஒடுங்கிய உடலில் இருமலும் விழுங்குதலும் ஒடுங்கிவிடும். வயிற்றிலிருப்பது மேலேறினால் அது நேரே நுரையீரலிற் சென்று உயிருக்கே உலை வைக்கும். தெளிந்த நீருக்கு இரண்டு மணி நேரமும், பால் கலந்த காப்பிக்கும் இலேசான உணவுக்கும் ஆறு மணி நேரமும் இடைவெளி வேண்டும் என்பது மயக்க மருந்து வைத்தியர் வகுத்த விதி. இதனை அறிந்த செவிலி காப்பி கொடுத்ததைக் கண்டு கடிந்து பேசினால், 'பெற்ற தாயினும் இவளுக்குப் பரிவோ?' என்று சண்டை மூள்கின்றது. தாயின் பரிவு மெய்யே. அப்பரிவுக்குத் தெரியாத ஒன்று செவிலியின் அறிவுக்குத் தெரியும் என்பதும் மெய்யே.

அவசரப் பிரிவில் மற்றொரு வகைச் சினம் எழுகின்றது. சாரற்காலத்தில் பாறையில் வழுக்கி நெற்றி கிழிந்து குருதி சொட்ட வருபவர், தமக்கு முன்னே வாய்திறவாது அமர்ந்திருந்த முதியவர் ஒருவரை உள்ளே கொண்டு செல்வதைக் கண்டு, 'இரத்தம் வழிபவனை விட்டுவிட்டுச் சும்மா உட்கார்ந்திருப்பவரைப் பார்க்கிறார்களே' என்று சீறுவர். மார்பில் பாரம் என்று மெல்லிய குரலில் சொல்லும் அம்முதியவர் அரைமணியில் இறந்துபடலாம். நெற்றிக் காயம் அரைமணி பொறுக்கும். அவசரப் பிரிவில் வரிசை வந்த நேரத்தைப் பொறுத்ததன்று, ஆபத்தைப் பொறுத்தது. அவ்வரிசையை முதலில் வகுப்பவர் பெரும்பாலும் செவிலியே. ஆதலின் அதற்குரிய ஏச்சையும் முதலில் ஏற்பவர் அவரே.

மருந்து கொடுக்கும் வேளையையும் சிறிது எண்ணிப் பார்ப்போம். இவர்க்கு, இம்மருந்து, இவ்வளவு, இவ்வழியாக, இந்நேரத்தில் என்று ஐந்தினையும் ஒத்துப் பார்த்தே ஒவ்வொரு மாத்திரையையும் ஊசியையும் செவிலி கொடுத்தல் வேண்டும். அப்போது ஒருவர் 'சிஸ்டர், மின்விசிறி சுழலவில்லை' என்பார். மற்றொருவர் 'எப்போது வீட்டுக்கு அனுப்புவீர்கள்?' என்பார், வேறொருவர் முன்கையைப் பற்றி இழுப்பார். ஆஸ்திரேலியாவில் சிட்னி நகரத்து இரண்டு வைத்தியசாலைகளில் 98 செவிலியர் மருந்து கொடுப்பதை உடனிருந்து நோக்கி, 2010இல் ஆராய்ச்சி ஒன்று வெளியிடப்பட்டது. இடையீடு ஒன்று நேருந்தோறும் செய்முறைப் பிழைகளும் மருந்துப் பிழைகளும் ஏறக்குறைய 12 சதவீதம் மிகுந்தன என்று அஃது அறிவித்தது. நாம் ஒரு நொடி குறுக்கிட்டதன் பயனை அடுத்த கட்டிலில் இருப்பவர் அனுபவித்தல் கூடும்.

சினத்துக்கு மற்றொரு காரணம் செவிலியரின் தொகைக் குறைவு. ஒருவர் பத்துப் பேரைக் கவனிக்க வேண்டிய இடத்தில் நாற்பது பேர் கிடந்தால், அழைத்தவுடன் வருதல் எங்ஙனம் கூடும்? அமெரிக்க தேசத்துப் பென்சில்வேனியா மாகாணத்தின் 168 வைத்தியசாலைகளை ஆராய்ந்து 2002இல் வெளியிட்ட முடிவு ஈண்டு நினைக்கத்தக்கது. ஒரு செவிலியின் பொறுப்பில் நோயாளி ஒருவர் கூடுந்தோறும், அறுவைச் சிகிச்சை பெற்றவர் முப்பது நாளுக்குள் இறக்கும் வாய்ப்பு 7 சதவீதம் மிகுந்தது என்பதே அம்முடிவு. ஆகவே, 'கூப்பிட்டேன், வரவில்லை' என்னும் குறை மெய்யானதே. அக்குறையைக் கேட்க வேண்டியவர், பணியிடங்களை நிரப்பாதவரேயன்றி, நாற்பது கட்டில்களுக்கிடையே ஓடிக்கொண்டிருக்கும் அப்பெண்மணி அல்லர்.

கடுஞ்சொல் செவிலியின் மனத்தைப் புண்படுத்துவதோடு நின்றுவிடுமோ எனின், நில்லாது. இஸ்ரேல் தேசத்தில், பச்சிளங்குழந்தைகளைக் காக்கும் வைத்தியரும் செவிலியருமாகிய 39 குழுக்களைக் கொண்டு ஒரு சோதனை செய்து, 2017இல் அதன் முடிவை வெளியிட்டனர். பொம்மைக் குழந்தையை வைத்துச் சிகிச்சை செய்து காட்டுமாறு அவர்களைப் பணித்து, சில குழுக்களை மட்டும் 'தாய்' வேடம் பூண்ட ஒருத்தி இழித்துப் பேசுமாறு செய்தனர். ஏச்சைக் கேட்ட குழுக்கள் நோயை அறிவதிலும் சிகிச்சை செய்வதிலும் அன்று முழுவதும் மற்றவரினும் தாழ்ந்தே நின்றன. கற்ற கல்வி அவர்களை விட்டு நீங்கவில்லை. கருத்து மட்டும் சிதறிற்று. தன் பிள்ளையைக் காப்பவரை ஏசுகின்றவர் தன் பிள்ளையின் கட்டிற்காலையே அசைக்கின்றார் என்பது இதனாற் புலனாகும்.

சொல்லோடு நில்லாமல் கையோங்குவாரும் உளர். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, மருத்துவத்துறையில் உழைப்போருள் 8 முதல் 38 சதவீதம் வரையினர் தம் பணிக்காலத்தில் எப்போதேனும் உடல்வழித் தாக்குதலுக்கு ஆளாகின்றனர். அத்தகைய வன்செயல்களைப் பெரும்பாலும் புரிவோர் நோயாளரும் அவரைக் காண வருவோருமே. நோயாளிக்கு மிக அணுக்கத்தில் இருப்பதால் செவிலியர்க்கு இடர் மிகுதி. இரவு நேரத்தில் குடிமயக்கத்தோடு வருவோராலும், உதவி கேட்பது போல் அருகழைத்துத் தகாதன பேசுவோராலும் பெண் செவிலியர் படும் துன்பம் வெளியே சொல்லப்படாதது. தமிழ்நாட்டில் 2008ஆம் ஆண்டிலேயே இதற்கெனத் தனிச்சட்டம் இயற்றப்பட்டது. மருத்துவப் பணியாளரைத் தாக்குவோர்க்கு மூன்று ஆண்டுக்குக் குறையாமலும் பத்து ஆண்டு வரையிலும் சிறைத்தண்டனை விதிக்க அச்சட்டம் இடந்தருகின்றது. ஆயினும் சட்டம் அடி விழுந்த பின்னர் வருவது. பண்பாடோ அடி விழாமற் காப்பது.

நோயாளரும் குடும்பத்தாரும் இழைக்கும் துன்பம் இவ்வாறாக, ஊரார் இழைக்கும் துன்பம் ஒன்று உண்டு. அது கொள்ளை நோய்க் காலத்தில் வெளிப்படுகின்றது. குற்றால மலைக்கு மேற்கே உள்ள கேரள நாட்டில், கோழிக்கோடு மாவட்டத்துப் பேராம்பிரா வைத்தியசாலையில் லினி என்னும் செவிலி 2018 மே மாதத்தில் நிபா நோயாளி ஒருவர்க்குப் பணிவிடை செய்து, அந்நோய் தம்மையும் பற்ற, 21ஆம் நாள் உயிர்நீத்தார். இளங்குழந்தைகள் இருவரைக் காக்குமாறு கணவருக்கு அவர் எழுதிய கடிதத்தைப் படித்து நாடே கண்ணீர் விட்டது. அதே நாட்களில், அவ்வைத்தியசாலையின் மற்றைச் செவிலியரோடு பேருந்தில் உடன்செல்லவும் அவரை வாடகை வண்டியில் ஏற்றவும் சிலர் மறுத்தனர். இறந்த செவிலிக்குக் கண்ணீர். உயிரோடிருந்த செவிலியர்க்கு ஒதுக்கம்!

ஈராண்டு கழித்துக் கொரோனாத் தொற்றுக் காலத்தில் நிகழ்ந்ததும் இதுவே. 2020 மார்ச்சு 22ஆம் நாள் மாலை ஐந்து மணிக்கு இந்நாட்டு மக்கள் வாயிலில் நின்று கைதட்டி, மணியொலித்து, மருத்துவப் பணியாளர்க்கு நன்றி கூறினர். சரியாக ஒரு திங்கள் கழித்து, ஏப்ரல் 22ஆம் நாள், அதே பணியாளரை அடிப்போரையும் குடியிருக்க விடாது துன்புறுத்துவோரையும் தண்டிப்பதற்கு மத்திய அரசாங்கம் அவசரச் சட்டம் பிறப்பிக்க வேண்டியதாயிற்று. தட்டிய கைகளும் வாடகை வீட்டைக் காலி செய்யச் சொன்ன வாய்களும் வெவ்வேறு நாட்டாருடையன அல்ல. தெய்வம் என்று ஒருவரை உயர்த்துவது எளிது; அண்டைவீட்டார் என்று அவரைச் சமமாக ஏற்பது அரிது.

இங்ஙனம் கூறுவதால் செவிலியர்பால் குறையே இல்லை என்பது எம் கருத்தன்று. எளியவரை ஒருமையில் ஏவும் செவிலியரும், வினவிய வினாவுக்கு முகத்தைத் திருப்பிக்கொள்வாரும், வலியால் கதறும் கர்ப்பிணியைக் கடுஞ்சொல் கூறுவாரும் உளர். பிள்ளை பிறந்ததைச் சொல்வதற்குப் பணம் கேட்கும் இழிவழக்கம் சில வைத்தியசாலைகளில் ஊழியரிடையே இருந்துவருவதையும் மக்கள் அறிவர். எழுதப் படிக்கத் தெரியாதவர், பீடிக்கூலியில் ஒரு நாளை இழந்து வந்தவர், தம்மை ஒருவரும் மதிப்பதில்லை என்று நொந்தே சில வேளை சினக்கின்றனர். அவர்க்கு இரண்டு வாக்கியத்தில் காரணத்தை எடுத்துரைப்பது செவிலியின் கடமையுமாகும். 'பொறுங்கள்' என்பதனோடு 'இருபது நிமிடம் இந்தக் குழாய் அசையாமல் இருக்கவேண்டும், அதனால்தான்' என்று சேர்த்துச் சொன்னால் பாதிச் சினம் அங்கேயே அடங்கும். குறை மெய்யாயின், வைத்தியசாலைக் கண்காணிப்பாளரிடம் எழுத்தில் கொடுக்கலாம். அரசாங்கத்தின் 104 என்னும் தொலைபேசி எண்ணிலும் தெரிவிக்கலாம். வார்டின் நடுவே நின்று கூவுவதும், கைப்பேசியில் படம் பிடித்து ஊரெங்கும் பரப்புவதும் முறையீடாகா. அப்படத்தில் அடுத்த கட்டிலில் உடை நெகிழக் கிடக்கும் நோயாளியும் அகப்பட்டுக்கொள்கின்றார் என்பதனை எண்ணுவார் இலர்.

அங்ஙனமாயின் நாம் செய்யத்தக்கன யாவை? அவை பெரிய காரியங்கள் அல்ல. செவிலியைப் பன்மையில் விளித்தல். அவர் பெயரை அறிந்து அப்பெயரால் அழைத்தல். நோயாளி உண்ட மருந்து, உடலுக்கு ஒவ்வாத மருந்து, முன்பிருந்த நோய் ஆகியவற்றை மறையாமல் உரைத்தல். குடும்பத்தில் ஒருவரே உடனிருந்து வினாக்களை எல்லாம் தொகுத்து ஒருமுறையில் கேட்டல். மருந்து கொடுக்கும் வேளையிற் குறுக்கிடாமை. பார்வை நேரம் முடிந்ததும் எழுந்து செல்லுதல். பெருக்குதற்கும் தண்ணீர் கொணர்தற்கும் செவிலியை ஏவாமை. வீடு திரும்பும் நாளில், இன்ன பெயருடைய செவிலி எமக்கு இன்ன உதவி புரிந்தார் என்று நான்கு வரி எழுதிக் கண்காணிப்பாளரிடம் கொடுத்தல். பழக்கூடையைக் காட்டிலும் அந்நான்கு வரியே அவர்க்கு நெடுங்காலம் பயன்படும்.

நம் கலாசாலை மாணவர்க்கு இதிற் சிறப்பான கடமை ஒன்று உண்டு. குடும்பத்தில் கற்றவர் நீங்களே. யாரேனும் நோயுற்றால், 'நீ படித்தவன், போய்க் கேள்' என்று முன்னே தள்ளப்படுபவர் நீங்களே. அப்போது உங்கள் கல்வியை அதட்டுதற்குக் கருவியாகக் கொள்வதும், செவிலி கூறியதைப் பாட்டிக்குப் புரியும் தமிழில் எடுத்துரைக்கக் கொள்வதும் உங்கள் கையிலேயே உள்ளன. ஒருவர் பொறுமையாக நின்று காரணத்தை விளக்கினால், பின்னே நிற்கும் ஐவரும் அடங்குவர். இன்னும் சிலர், உங்கள் தங்கையரும் தம்பியரும் இத்தொழிலைக் கற்க விரும்பும்போது, வீட்டில் அவர்களுக்காகப் பேசவேண்டியவராகவும் இருப்பீர்கள். அன்று பேசும் பேச்சே நீங்கள் செவிலியரை மெய்யாக மதிக்கின்றீர்களா என்பதற்கு உரைகல்லாகும்.

தென்காசியில் விசுவநாதர் கோயிலை எடுப்பித்தவன் பதினைந்தாம் நூற்றாண்டில் ஆண்ட பராக்கிரம பாண்டியன். இக்கோயிலுக்குப் பிற்காலத்தில் ஏதேனும் பழுது நேருமாயின், அதனைச் செப்பனிட்டுக் காப்பவர் எக்குலத்தவர், எந்நாட்டவர் ஆயினும் அவரைத் தான் பணிவதாக அம்மன்னன் கல்லிற் பொறித்து வைத்தான். தான் கட்டியதைக் காட்டிலும், தனக்குப் பின் காக்கப்போகின்றவரின் உழைப்பை அவன் பெரிதாக மதித்தான். முடிவேந்தன் முகமறியாத பணியாளர்முன் முடி தாழ்த்தியதைக் குற்றாலத்துக்குச் செல்லும் வழியில் நின்று பார்க்கும் நாம், இவ்வுடலாகிய கோயிலுக்குப் பழுது நேர்ந்த காலத்தில் இரவும் பகலும் நின்று காப்பவரை, முகத்துக்கு நேரே கண்டும், ஒரு நற்சொல்லேனும் கூறாதிருத்தல் தகுமோ? தகாது. செவிலியர் வேண்டுவது வழிபாடு அன்று. தம் வேலையைச் செம்மையாய்ச் செய்வதற்கு இடமும், செய்தமைக்கு மதிப்புமே. அவ்விரண்டையும் குறைவறக் கொடுப்போமாக.